ஆலை போகும்போது எதை விட்டுப் போகிறது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம்ம சங்கச் செயலாளர் வந்தபோது, "கவிதை கிவிதைன்னு குடுத்துடாத மச்சி, ஏற்கெனவே பதினேழு காதல் கவிதை வந்து கெடக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். எனக்கும் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது லேத். அதனால் லேத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு மாடம்பாக்கத்தில். வீட்டு முன்பக்கம் ஷீட் கொட்டகை போட்டு அப்பா ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். பதினோரு வருடம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது ஒரே ஒரு சின்ன உருப்படியால்: டூவீலரின் கிக்கர் ஷாஃப்ட்டில் உட்காரும் புஷ். கட்டைவிரல் கனம்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் கடைந்து, சாக்கில் கட்டி, சலான் போட்டு அனுப்புவார்கள். ஒரு புஷ்ஷுக்கு லாபம் பைசாக் கணக்குதான். ஆனால் ஆர்டர் நிற்காது. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஃபீஸ் அந்தப் பைசாக்கள்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. அதையொட்டிப் புது மாடல்கள் இறங்கின. அவற்றில் பலவற்றில் கிக்கரே கிடையாது. பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்புகிறது. ஆர்டர் பாதியானது, கால்வாசியானது, ஒருநாள் போன்கூட வரவில்லை. யாரும் எங்களை ஏமாற்றவில்லை, யாரும் பணம் பாக்கி வைக்கவில்லை. அந்த உருப்படி உலகத்துக்குத் தேவைப்படாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பட்டறையில் இருந்த இரண்டு அண்ணன்களில் ஒருவர் இன்று சாப்பாட்டு டெலிவரி ஓட்டுகிறார். போன தீபாவளிக்கு அப்பா என்னைக் கூப்பிட்டு, "பெரிய லேத்த வித்துடலாமாடா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமில்லை. தொழில்களின் அமைப்பு மாறும்போது ஒரு வட்டாரம் வளருமா, தேயுமா? டிப்ளமோவை நம்பி நிற்கும் நம் எல்லோருக்குமான கேள்வி இது.

புத்தகம் சொல்லும் படிக்கட்டு

பொருளாதாரப் புத்தகங்களில் ஒரு படிக்கட்டு உண்டு. முதலில் விவசாயம், அப்புறம் தொழிற்சாலை, அப்புறம் சேவைத்துறை. ஃபிஷர் 1935லும், காலின் கிளார்க் 1940லும் இதை விரிவாக எழுதினார்கள். நாடு வளர வளர மக்கள் வயலிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து அலுவலகத்துக்கும் நகர்வார்கள், ஒவ்வொரு படியிலும் வருமானம் ஏறும் என்பது சாரம்.

எங்கள் வீட்டிலேயே மூன்று படியும் இருக்கிறது. தாத்தா மாடம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். அப்பா லேத். அக்கா பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் முன்னால். படம் வரைந்து மாட்டலாம், அவ்வளவு பொருத்தம்!

ஆனால் புத்தகம் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. ஒருவர் அப்படியே ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதில்லை. தாத்தா லேத்துக்கு வரவில்லை, அப்பா கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. ஏறுவது அடுத்த தலைமுறை. நடுவில் மாட்டிக்கொள்கிற ஐம்பது வயது மனிதர் என்ன ஆவார்? அந்தப் பத்தி புத்தகத்தில் இல்லை. டானி ரோட்ரிக் என்ற பொருளாதார அறிஞர் இன்னொரு எச்சரிக்கையும் தருகிறார். மேலை நாடுகள் தொழிற்சாலைகளால் பணக்கார நாடுகளாகி, அதன் பிறகு சேவைத்துறைக்குப் போயின. இன்றைய வளரும் நாடுகள் பலவற்றில் தொழில் முழுதாக வளருமுன்பே சுருங்கத் தொடங்குகிறது. காய் கனியாமலே உதிர்வது மாதிரி.

நம்ம ஊர்க் கதை

தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறுகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்தால் நூறு வருடத் தொழில் வரலாறு ஓடும்.

குரோம்பேட்டை. அந்தப் பெயரே ஒரு ஆலையின் பெயர். முன்பெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பு முறையில் வேலை சீக்கிரம் முடியும். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900களின் தொடக்கத்தில் சென்னையில் இதைச் சோதித்துப் பார்த்தார். சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரம் பக்கத்தில் நிலைகொண்டது, பேட்டைக்குப் பெயரும் வந்தது. சுற்றிலும் பல தோல் பதனிடும் ஆலைகள் முளைத்தன, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஆனால் நாகல்கேணி, பல்லாவரம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. 1996 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆலைகள் குறைந்தன. மண்ணுக்குள் போன குரோமியம் குறையவில்லை.

அடுத்து பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார். 1961லிருந்து ஹெரால்டு கார் இங்கே தயாரானது. நம்ம தாத்தாக்களுக்கு அந்தக் கார் ஒரு கனவு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, குறைந்த பெட்ரோல். ஸ்டாண்டர்டோ 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய காரை இறக்கியது. மேலே புதிய உடம்பு, உள்ளே பழைய இன்ஜின், பெட்ரோலைக் குடிக்கும். 1988ல் உற்பத்தி நின்றது. அந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் மெப்ஸ், 1984ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். 2003ல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. காலையில் ஒரே வாசல் வழியாக இரண்டு கூட்டம் உள்ளே போகும். ஒன்று டிபன் பாக்ஸோடு தையல் மெஷினுக்குப் போகிற அக்காமார்கள். இன்னொன்று கழுத்தில் அடையாள அட்டையோடு சாஃப்ட்வேருக்குப் போகிறவர்கள். தொழில் அமைப்பு மாறுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அந்த வாசலில் அரை மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள்.

இன்னும் தெற்கே மறைமலைநகர். 1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு போனது. 1990களின் நடுவில் ஃபோர்டு மறைமலைநகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன. 1998ல் சான்ட்ரோ, 1999ல் ஐகான். 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டம் கொடுத்தோம். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சென்னை, சானந்த் இரண்டு ஆலைகளும் சேர்ந்து பாதிக்கப்பட்ட ஊழியர்கள் சுமார் 4,000 பேர். 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் கார் இறங்கியது. 2025 அக்டோபரில் மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது. ரூ.3,250 கோடி முதலீடு, 2029லிருந்து இன்ஜின் தயாரிப்பு, 600க்கு மேல் வேலை. மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூடும்போது அந்த ஒரு ஆலையில் மட்டும் சுமார் 2,600 பேர் இருந்தார்கள். ஆலை திரும்பி வரலாம், ஆட்கள் அதே எண்ணிக்கையில் திரும்புவதில்லை.

ஸ்ரீபெரும்புதூரும் கோயம்புத்தூரும்

இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை, அதில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். வரி வழக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் கை மாறும்போது இந்த ஆலை மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1ல் உற்பத்தி நின்றது. எட்டே வருடம்! பல முக்கியமான பாகங்கள் கடல் தாண்டி வந்தன. இங்கே நடந்தது பெரும்பாலும் பொருத்தும் வேலை. அதனால் லைன் நின்ற மறுநாள் அந்தப் பெண்கள் கையில் இருந்த திறமையை வாங்கிக்கொள்ளப் பக்கத்துத் தெருவில் கடை இல்லை. ஊருக்குப் பஸ் ஏறினார்கள். பிற்பாடு அந்த வளாகத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்ய வந்தது. அதே வட்டாரத்தில் இன்று ஐபோனும் தயாராகிறது. கட்டடமும் சாலையும் காத்திருந்தன. வயது காத்திருக்குமா?

கோயம்புத்தூரைப் பாருங்கள். 1888ல் ஸ்டேன்ஸ் மில். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. மில்லில் மெஷின் உடைந்தால் சீமைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க முடியாது. அதனால் பக்கத்திலேயே வார்ப்பட்டறை, கடைசல் பட்டறை, பேட்டர்ன் செய்யும் தச்சர்கள் எல்லாம் வந்தார்கள். மில் மெஷினை ரிப்பேர் செய்த கை மோட்டார் செய்யக் கற்றது. ஜி.டி. நாயுடு 1937ல் மோட்டார் செய்து காட்டினார். மோட்டார் செய்த கை கிணற்றுக்குப் பம்பு செய்தது, அடுத்து வெட் கிரைண்டர், அடுத்து ஜவுளி இயந்திரம். பின்னாளில் மில்கள் பல மூடப்பட்டன. ஊர் மூடப்படவில்லை! மில் போகும்போது ஒரு கைத்தொழில் கூட்டத்தையே விட்டுப் போயிருந்தது.

ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1890லேயே இதைக் கவனித்திருக்கிறார். ஒரே தொழில்காரர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தால் தொழில் ரகசியம் ரகசியமாக இருக்காது, ஊர்க் காற்றிலேயே கலந்திருக்கும், பிள்ளைகள் தெரியாமலே கற்றுக்கொள்வார்கள் என்கிறார். நான் வெர்னியர் பிடித்தது எட்டாவது படிக்கும்போது. யாரும் சொல்லித்தரவில்லை, கொட்டகையில் கிடந்தது. மார்ஷல் சொன்ன காற்று அதுதான். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958ல் இன்னொன்று சொன்னார். ஒரு தொழிலின் மதிப்பு அது தனக்குப் பின்னாலும் முன்னாலும் எத்தனை தொழில்களை இழுத்து வருகிறது என்பதில் இருக்கிறது. நோக்கியா பின்னால் இழுத்தது குறைவு, கோவை மில் இழுத்தது அதிகம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாம் பட்டம் இரவல் வாங்கிய நிஜ டெட்ராய்ட் என்ன ஆயிற்று? 1950ல் அந்நகரின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 2020ல் சுமார் 6.4 லட்சம். 2013ல் நகர நிர்வாகமே திவாலானது. காரை மட்டும் நம்பியிருந்த ஊர், கார் கம்பெனிகள் இடம் மாறியபோது மாற வழி தெரியாமல் நின்றது. பட்டத்தை வாங்கிய நாம் பாடத்தையும் சேர்த்து வாங்க வேண்டாமா?

"மச்சி, எல்லாம் சர்வீஸ் செக்டார்டா"

கேன்டீனில் இதைச் சொன்னபோது என் நண்பன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். "டேய், தமிழ்நாட்டுப் பொருளாதாரத்துல பாதிக்கு மேல சர்வீஸ்தான். மாடம்பாக்கத்துல ஒரு கிரவுண்டு என்ன வெல தெரியுமா? இதுக்குப் பேரு வளர்ச்சி இல்லாம என்ன?"

பாதி உண்மை. அக்காவின் சம்பளம்தான் இன்று எங்கள் வீட்டுக்கு முட்டு. அதை நான் மறந்துவிட்டுப் பேசினால் நன்றிகெட்டவன். அதேபோல, தோல் ஆலை போனதற்காக நாகல்கேணியில் போய் யாரும் அழச் சொன்னால் அங்கே அடி விழும். பழைய தொழில் எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் மீதிப் பாதியைக் கேளுங்கள். நிலத்தின் விலை ஏறுவது வளர்ச்சி இல்லை. விற்கிறவன் ஒருமுறை சம்பாதிக்கிறான், வாங்குகிறவன் இருபது வருடம் கடன் கட்டுகிறான், வாடகைக்கு இருக்கிறவன் இன்னும் தெற்கே தள்ளப்படுகிறான். பட்டறைக்கு வாடகை கட்ட முடியாமல் கேம்ப் ரோடு பக்கமிருந்து அகரம்தென் தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும். 2021 நவம்பரில் மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. பேரூராட்சிக்காரனாகத் தூங்கி மாநகராட்சிக்காரனாக எழுந்தேன். லேத்துக்கு ஆர்டர் மட்டும் அப்படியேதான் இருந்தது.

சேவைத்துறையிலும் இரண்டு மாடி இருக்கிறது. மேல்மாடியில் சாஃப்ட்வேர், கீழ்மாடியில் டெலிவரி, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங். மேல்மாடிக்கு நல்ல ஆங்கிலமும் பெரிய படிப்பும் கேட்கிறார்கள். ஆலையிலிருந்து வெளியே வந்தவனுக்குத் திறந்திருப்பது கீழ்மாடிக் கதவு. பன்னிரண்டு வருடம் மைக்ரான் கணக்கில் கடைந்த கை, இன்று பிரியாணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நான்காவது மாடி ஏறுகிறது. அந்தக் கணக்கும் மாநில உற்பத்தியில் சேவைத்துறையாகத்தான் ஏறும். அது அவமானமான வேலை என்று சொல்லவில்லை. ஊர் ஒரு நல்ல டர்னரை இழந்தது என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கிக்கர்

எங்கள் வீட்டில் கிக்கருக்கு நடந்தது நாளை இன்ஜினுக்கே நடக்கப்போகிறது. மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, சைலன்சர் இல்லை. கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம், மறைமலைநகர் என்று எத்தனை பட்டறைகள் இவற்றை நம்பி இருக்கின்றன! புதிய மின்வண்டி ஆலைகள் ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் போகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. தென்மாவட்டங்கள் வளரட்டும், சந்தோஷம். ஆனால் நம் வட்டாரத்துப் பட்டறைகள் எதைச் செய்யும்?

பதில் எங்கள் கொட்டகையிலேயே கொஞ்சம் கிடைத்தது. ஆர்டர் நின்ற பிறகு அப்பா சும்மா உட்காரவில்லை. ஏரிப் பாசன வயலெல்லாம் அடுக்குமாடி ஆனது. அடுக்குமாடிக்கெல்லாம் மோட்டார் பம்பு. பம்புக்கெல்லாம் ஷாஃப்ட் தேயும், புஷ் லூசாகும். பிளம்பர்கள் கொண்டுவந்து போடுகிறார்கள், அப்பா கடைந்து தருகிறார். தாத்தாவின் வயலை விழுங்கிய கட்டடம்தான் அப்பாவுக்கு வேலை தருகிறது! முன்பு வந்த வருமானத்தில் பாதிதான். ஆனால் பட்டறை மூச்சு விடுகிறது. காரணம், அப்பாவுக்குத் தெரிந்தது 'கிக்கர் புஷ்' இல்லை, 'கடைசல்'. ஒரு உருப்படியை மட்டும் கற்றவன் அந்த உருப்படியோடு போவான். தொழிலைக் கற்றவன் அடுத்த உருப்படிக்கு மாறுவான். ஒரு ஊருக்கும் இதே விதிதான்.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யட்டும் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவது சுலபம். சங்க மலரில் எழுதுவதால் சங்கத்திடமே மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: பயிற்சிக்குப் போகும்போது எல்லோரும் பெரிய ஆலையையே தேடுகிறோம். அங்கே நம்மை ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி ஒரே போல்ட்டை முறுக்க விடுவார்கள். இரண்டு வாரமாவது ஒரு சின்னப் பட்டறையில் இருக்க ஏற்பாடு செய்வோம். டிராயிங் பார்ப்பது, மெட்டீரியல் வாங்குவது, ரேட் பேசுவது, ரிஜெக்ட் ஆனால் திட்டு வாங்குவது எல்லாம் அங்கேதான் கற்க முடியும்.

இரண்டு: நம் கல்லூரியின் சி.என்.சி. மெஷின் மாலை நான்கு மணிக்கு உறை போட்டுத் தூங்குகிறது. வாரம் இரண்டு மாலை சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிடும்படி முதல்வரிடம் மனு கொடுப்போம். அவர்கள் புரோகிராம் கற்கட்டும், நாம் அவர்களிடம் கை வித்தை கற்போம். என் அப்பா முதல் ஆளாக வருவார், நான் உத்தரவாதம்.

மூன்று: கேம்பஸ் இன்டர்வியூவில் 'டிரெய்னி' என்று கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படித்துவிட்டுப் போடுவோம். எத்தனை மாதம், என்ன வேலை கற்றுத்தருவார்கள், முடிந்ததும் என்ன சான்று என்று கேட்போம். கேட்கக் கூச்சமாக இருந்தால் சங்கம் சேர்ந்து கேட்கட்டும். சங்கம் என்பது கலைவிழா நடத்த மட்டுமா?

தோழர்களே! ஆலைகள் வரும், போகும். தோல் ஆலை கெட்ட தண்ணீரை விட்டுப் போனது. ஸ்டாண்டர்டு மோட்டார் மனையை விட்டுப் போனது. கோவை மில் கைத்திறனை விட்டுப் போனது. அடுத்து வரும் ஆலை நம் ஊரில் எதை விட்டுப் போக வேண்டும் என்பதை, அது உள்ளே வரும்போதே கேட்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும். சலுகை விலையில் நிலமும் மின்சாரமும் கொடுக்கும் நாடு, "எங்க பட்டறைகளுக்கு எவ்வளவு ஆர்டர் தருவ? எங்க பசங்களுக்கு என்ன கத்துத் தருவ?" என்று கேட்டால் தப்பா?

அப்பாவின் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "சின்னத வித்துடலாம்பா. பெருசு இருக்கட்டும். நான் ஃபைனல் இயர் முடிச்சுட்டு வந்து பேசறேன்" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பெரிய லேத்தின் படுகைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்,
மாடம்பாக்கம்